மீட்டர் சொல்றது பொய்யில்ல, ஆனா நாம கேட்டதுக்கு பதிலா அது? – வாசகர் கேள்வி பதில்

போன மாசம் போற போக்குல கெணத்துத் தண்ணி பத்தி ரெண்டு வரி எழுதிட்டேன், அவ்வளவுதான், இந்த மாசம் வந்த கடுதாசி வாட்ஸ்அப் எல்லாம் சேர்த்தா ஒரு சிமெண்ட் சாக்கு நெறையும். முக்காவாசி வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், முதலமடைனு நம்ம பாலக்காட்டு பார்டர் ஜனங்கதான். ஆளாளுக்கு ஒரு மீட்டரை நீட்டறாங்க, அது ஒரு நம்பர் காட்டுது, நம்பலாமா வேணாமானு கேக்கறீங்க. அதனால இந்த மாசம் ரேஷன் கார்டு கேள்வி, சமையல் கேள்வி எல்லாத்தையும் ஒதுக்கி வெச்சுட்டு வெறும் சென்சார் கேள்வியா எடுத்திருக்கேன், கோவிச்சுக்காதீங்க. இருபது வருஷம் தண்ணி டெஸ்ட் பண்ற லேப்ல குப்பி கழுவினவங்கறதால சில இடத்துல நீட்டி முழக்குவேன், அதையும் பொறுத்துக்கங்க.

கேள்வி: அக்கா, போன வாரம் டை கட்டின ரெண்டு பசங்க வீட்டுக்கு வந்து பேனா மாதிரி ஒரு மீட்டரை எங்க போர் தண்ணில விட்டாங்க, 780னு காட்டுச்சு. அப்பறம் ரெண்டு டம்ளர்ல கம்பி வெச்ச ஒரு கருவியை விட்டு கரண்ட் குடுத்தாங்க, எங்க தண்ணி அஞ்சு நிமிஷத்துல சாக்கடை மாதிரி ஆயிடுச்சு, அவங்க கொண்டாந்த தண்ணி அப்படியே இருந்துச்சு. மாமியார் பயந்துபோய் இன்னைக்கே ஆர்.ஓ. மாட்டணும்ங்கறாங்க. மாட்டலாமா? – ஒரு இல்லத்தரசி, கொழிஞ்சாம்பாறை

பதில்: அம்மணி, மொதல்ல மாமியாரை உக்கார வெச்சு ஒரு டம்ளர் மோர் குடுங்க. அந்த அழுக்கு உங்க தண்ணில இருந்து வரல, கம்பில இருந்து வந்தது. அந்தக் கருவில ஒரு கம்பி இரும்பு, இன்னொண்ணு அலுமினியம். உப்புச்சத்து இருக்கற தண்ணில கரண்ட் பாயும், பாஞ்சா இரும்பு கரைஞ்சு பச்சையும் பழுப்புமா மிதக்கும். அவங்க கொண்டாந்த ஆர்.ஓ. தண்ணில உப்பு ரொம்பக் கம்மி, கரண்ட் சரியா பாயல, கம்பி கரையல, அதனால பளிச்சுனு இருக்கு. அடுத்த தடவை வந்தாங்கன்னா அவங்க டம்ளர்ல நீங்களே ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு அதே கருவியை விடச் சொல்லுங்க, விட்டுட்டு அவங்க மூஞ்சியைப் பாருங்க.

பேனா மீட்டர் கதை வேற, அது பொய் சொல்லல. தண்ணில கரண்ட் எவ்வளவு சுலபமா ஓடுதுங்கறது மட்டும்தான் அதுக்குத் தெரியும், அதை ஒரு கணக்கால பெருக்கி டி.டி.எஸ்., அதாவது ஒரு லிட்டர்ல கரைஞ்சிருக்கற உப்பெல்லாம் சேர்த்து எத்தனை மில்லிகிராம்ங்கறதை, 780னு காட்டுது. வாளையார்ல ரோட்டோரம் உக்காந்து லாரி எண்ணறவர்னு வெச்சுக்கங்களேன், இன்னைக்கு 780 லாரி போச்சுங்கறார், சரிதான், ஆனா உள்ள தக்காளியா சிமெண்டா வெடிமருந்தானு அவருக்குத் தெரியாதுல்ல. கால்சியம் கரைஞ்சாலும் நம்பர் ஏறும், சமையல் உப்பு கரைஞ்சாலும் ஏறும், கிருமி இருந்தா அசையாது, பூச்சி மருந்துக்கும் அசையாது. குடிதண்ணிக்கான நம்ம நாட்டு அளவு ஐ.எஸ். 10500, அது 500 வரைக்கும் நல்லதுங்குது, வேற தண்ணிக்கு வழியில்லேன்னா 2000 வரைக்கும் பரவால்லங்குது. 780க்கு யாரும் பதற வேண்டியதில்ல.

ஆனா உங்க ஊர் பேரைப் பார்த்ததும் எனக்கு வேற கவலை வந்துச்சு. பாலக்காட்டுல நம்ம கெழக்குப் பக்கம், சித்தூர் தாலூக்கால, ஆழ போர் தண்ணில ஃபுளோரைடு இருக்கறது ரொம்ப நாளா தெரிஞ்ச விஷயம். பாறைக்குள்ள இருக்கற தாதுல இருந்து கொஞ்சங்கொஞ்சமா கரைஞ்சு வருது, எந்தக் கம்பெனியும் கொட்டினதில்ல. நெறம் கிடையாது, மணம் கிடையாது, ருசியும் கிடையாது. கொதிக்க வெச்சா தண்ணிதான் ஆவியா போகும், ஃபுளோரைடு அப்படியே நின்னு இன்னும் கெட்டியாகும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரைக்கும் சரி, 1.5தான் எல்லை, அதைத் தாண்டின தண்ணியை வருஷக்கணக்கா குடிச்சா கொழந்தைங்க பல்லுல பழுப்புக் கோடு விழும், இன்னும் கூடினா எலும்புக்குப் போகும். அந்த 780ல ரெண்டோ மூணோ மில்லிகிராம் எங்கயோ ஒரு மூலைல ஒளிஞ்சிருந்தா, பேனா மீட்டர் அதை எப்படிக் காட்டும்?

அதைக் காட்டறதுக்குனே ஒரு கருவி இருக்கு, என் சர்வீஸ்ல எனக்கு ரொம்பப் புடிச்சது அதுதான். 1966ல ஃபிராண்ட், ராஸ்னு ரெண்டு பேர் அமெரிக்காவுல கொண்டு வந்தாங்க. குழாய் மாதிரி இருக்கும், அடில லாந்தனம் ஃபுளோரைடுங்கற ஒரு படிகம் சின்ன வில்லையா பதிச்சிருக்கும், அதுல துளி யூரோப்பியம் கலந்திருக்கும். படிகத்துக்குள்ள அங்கங்க காலியா எடம் இருக்கும், ஃபுளோரைடு அயனி மட்டும் அந்த எடத்துல தாவித் தாவி நகரும், குளோரைடு போனா 'நீ யாரு, வெளிய நில்லு'னுடும். அந்த நகர்றதுல உண்டாகற மில்லிவோல்ட்டை அளக்கறோம். ஃபுளோரைடு பத்து மடங்கு மாறினா 59 மில்லிவோல்ட் மாறும், அதுவும் 25 டிகிரில. நல்லதுக்கும் எல்லைக்கும் நடுவுல, அதாவது 1க்கும் 1.5க்கும் நடுவுல, வெறும் 10 மில்லிவோல்ட்தான் வித்தியாசம். மீட்டர் 1 மில்லிவோல்ட் தப்பினா விடைல 4 சதவீதம் தப்பும். அதான் லேப்ல தினமும் காலைல தெரிஞ்ச கரைசலை வெச்சு அதை 'பழக்கி' எடுத்தப்பறம்தான் உங்க குப்பியைத் தொறப்போம்.

இந்தப் படிகத்தையும் ஏமாத்தலாம். ஹைட்ராக்சைடு அயனி கிட்டத்தட்ட ஃபுளோரைடு சைஸ்தான், தண்ணி காரமா இருந்தா அது உள்ள பூந்து 'நான்தான் ஃபுளோரைடு'ங்கும். அலுமினியம், இரும்பு இருந்தா அதுங்க ஃபுளோரைடைக் கட்டிப் புடிச்சு மறைச்சு வெச்சுக்கும், மீட்டர் கம்மியா காட்டும். அதனால டெஸ்டுக்கு முன்னால ஒரு பஃபர் கரைசல் ஊத்தி பிஹெச்சை அஞ்சு, அஞ்சரைல நிறுத்தி, ஒளிஞ்சிருக்கற ஃபுளோரைடை விடுவிச்சுட்டுத்தான் அளப்போம்.

இப்ப உங்க கேள்விக்கு வர்றேன். பிளாஸ்டிக் பாட்டில்ல ஒரு லிட்டர் புடிச்சு, கண்ணாடி வேணாம், வாட்டர் அத்தாரிட்டி லேப்ல குடுத்து ஃபுளோரைடுனு பேர் சொல்லிக் கேளுங்க. எல்லையைத் தாண்டியிருந்தா ஆர்.ஓ. மாட்டுங்க, அது ஃபுளோரைடை நல்லாவே புடிக்கும், இது அந்தப் பசங்களுக்கே தெரியாதுனு நெனைக்கறேன். தாண்டலேன்னா பணம் மிச்சம். பக்கத்துல பழைய தொறந்த கெணறு இருந்தா அந்தத் தண்ணியையும் ஒரு பாட்டில் குடுத்துப் பாருங்க, பல சமயம் அதுல ஃபுளோரைடு கம்மியா இருக்கும்.

கேள்வி: சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு வீட்டு மிஷின்ல சர்க்கரை 212, அதே நேரம் லேப்ல குடுத்த ரத்தத்துல 184. எது உண்மை? அந்த ஸ்ட்ரிப்புக்குள்ள அப்படி என்னதான் இருக்கு? பேத்தி வேற வெளிநாட்டுல இருந்து கைல ஒட்டற சென்சார் அனுப்பறேன்ங்கறா. – ரிட்டயர்டு வாத்தியார், நல்லேப்பிள்ளி

பதில்: வாத்தியார் ஐயா, நீங்க கணக்கு வாத்தியாரா இருந்திருப்பீங்கன்னு நெனைக்கறேன், அதனால கணக்காவே சொல்றேன். வீட்டு குளுக்கோமீட்டருக்கு உலக அளவு ஐ.எஸ்.ஓ. 15197, 2013ல வந்த வடிவம். நூறு அளவீடுல 95 வந்து, சர்க்கரை 100க்கு மேல இருந்தா 15 சதவீதத்துக்குள்ள இருக்கணும், கீழ இருந்தா 15 மில்லிகிராமுக்குள்ள, அவ்வளவுதான் அதுங்ககிட்ட கேக்கறது. 184ல 15 சதவீதம் கூட்டுங்க, 211.6. உங்க மிஷின் 212ங்குது. மயிரிழை!

அதுக்கும் மேல ரெண்டு சங்கதி இருக்கு. சாப்பிட்டப்பறம் விரல் நுனி ரத்தத்துல சர்க்கரை, லேப்ல ஊசி போட்டு எடுக்கற சிரை ரத்தத்தைவிடக் கூடத்தான் இருக்கும், ஏன்னா சதை அதுல இருந்து எடுத்துக்கிட்டு மிச்சத்தைத்தான் சிரைக்கு அனுப்புது. ரெண்டாவது, லேப்ல எடுத்த ரத்தம் குழாய்ல சும்மா உக்காந்திருக்காது, அதுல இருக்கற ரத்த அணு சர்க்கரையைத் தின்னுட்டே இருக்கும், மணிக்கு 5ல இருந்து 7 சதவீதம் வரைக்கும் கொறையும். அதைத் தடுக்கத்தான் சாம்பல் மூடி போட்ட குழாய்ல சோடியம் ஃபுளோரைடு போட்டு வெப்பாங்க. ஆமாங்க, மேல கெணத்துல நாம திட்டின அதே ஃபுளோரைடு, இங்க வந்து சர்க்கரையைக் காப்பாத்துது. அதுவும் உடனே காப்பாத்தாது, வேலை செய்ய ஒண்ணு ரெண்டு மணி நேரம் ஆகும். கலெக்‌ஷன் சென்டர்ல எடுத்து பைக்ல டவுனுக்குக் கொண்டுபோன ரத்தம்னா 184ங்கறதே கொஞ்சம் கொறைஞ்ச நம்பரா இருக்கலாம்.

ஸ்ட்ரிப்புக்குள்ள என்ன இருக்குனு கேட்டிருந்தீங்க. இந்த யோசனைக்கு அப்பன் லீலண்ட் கிளார்க். 1956ல ரத்தத்துல ஆக்சிஜன் அளக்கற எலக்ட்ரோடைப் பத்தி எழுதினார், 1962ல லயன்ஸ்ங்கறவரோட சேர்ந்து அதுமேல குளுக்கோஸ் ஆக்சிடேஸ்ங்கற என்சைமை ஒட்ட வெக்கலாம்னார். அந்த என்சைம் ஆஸ்பர்ஜிலஸ் நைஜர்ங்கற கருப்புப் பூஞ்சைல இருந்து எடுக்கறது, வெங்காயத்து மேல கருப்பா பொடி மாதிரி படியுமே, அந்த வகை. ஆயிரம் பொருள் நடுவுல குளுக்கோஸை மட்டும் அடையாளம் கண்டு ஆக்சிஜனை வெச்சு அதை மாத்தும், ஆக்சிஜன் எவ்வளவு கொறைஞ்சுதோ அதுதான் சர்க்கரைக் கணக்கு. அடையாளம் காண்றது ஒருத்தன், அதைக் கரண்ட்டா மாத்திச் சொல்றது இன்னொருத்தன், இந்த ஜோடிதான் பயோசென்சர். இப்ப வர்ற ஸ்ட்ரிப்ல ஆக்சிஜனை நம்பாம எலக்ட்ரானைத் தூக்கிட்டுப் போக வேற ரசாயனம் வெச்சிருக்காங்க, அதான் அஞ்சு செகண்டுல நம்பர் வந்துடுது.

மாம்பழம் நறுக்கின கையோட குத்திடாதீங்க, விரல்ல ஒட்டின சர்க்கரையையும் சேர்த்துச் சொல்லும், என் வீட்டுக்காரர் அப்படி ஒரு நாள் 390 பார்த்துட்டு உயில் எழுதற அளவுக்குப் போயிட்டார். ஸ்ட்ரிப் டப்பாவைத் தொறந்தே வெக்காதீங்க, மழைக்காலத்துல ஈரம் ஏறி என்சைம் கெட்டுடும். ரத்தசோகை இருந்தா சில மிஷின் கூட்டிக் காட்டும், டாக்டர்கிட்ட சொல்லி வைங்க. பேத்தி அனுப்பறது நல்லதுதான், அது தோலுக்கடில இருக்கற நீர்ல அளக்குது, ரத்தத்தைவிட சில நிமிஷம் பின்னாடி ஓடும், அதனால தலை சுத்தி வேர்க்கறப்போ அது நல்ல நம்பர் காட்டினாலும் விரல்ல குத்திப் பார்த்துக்கங்க.

கேள்வி: பொள்ளாச்சிப் பக்கம் கறந்த பால் மீனாட்சிபுரம் செக்போஸ்ட்ல டெஸ்ட் பண்ணித்தான் கேரளாவுக்குள்ள விடறாங்க. நான் யூரியா கலக்கறதே இல்ல, ஆனா ஒரு தடவை 'யூரியா இருக்கு'னு சொல்லிட்டாங்க. எப்படி அக்கா? – மாடு வளர்க்கறவர், கோபாலபுரம்

பதில்: கலக்காமயே இருக்கும் அண்ணா. பால்ல யூரியா இயற்கையாவே உண்டு, அதனாலதான் 700 பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்துல 700 பங்கு வரைக்கும்னு எல்லை வெச்சிருக்காங்க. புண்ணாக்கும் பருத்திக்கொட்டையும் அள்ளி வெச்சா மாட்டு ரத்தத்துல யூரியா ஏறும், பாலுக்கும் வரும். 'இருக்கா இல்லையா'னு மட்டும் சொல்ற டெஸ்டா, 'எவ்வளவு'னு சொல்ற டெஸ்டானு கேளுங்க, ரெண்டாவதைக் கேக்கறது உங்க உரிமை.

வீட்டுலயே பார்க்க வழி இருக்கு. துவரம்பருப்பையோ சோயாவையோ மாவாக்கி கொஞ்சம் பால்ல போட்டுக் கலக்கி அஞ்சு நிமிஷம் வெச்சு, செவப்பு லிட்மஸ் பேப்பரை நனைச்சுப் பாருங்க, நீலமானா யூரியா கூட இருக்கு. பருப்புல யூரியேஸ்னு ஒரு என்சைம் இருக்கு, அது யூரியாவை ஒடைச்சு அம்மோனியா ஆக்குது, லிட்மஸ் அம்மோனியாவைப் பார்க்குது. நம்ம வேலில படர்ற வாளவரை இருக்கே, அந்த ஜாதிக் கொட்டைல இருந்துதான் 1926ல ஜேம்ஸ் சம்னர் யூரியேஸைப் படிகமா பிரிச்சு எடுத்தார், என்சைம்ங்கறது புரதம்தான்னு அன்னைக்கு அவர் சொன்னதைப் பெரிய பெரிய ஆளுங்களே ஒத்துக்கல, கடைசில 1946ல அவருக்கு நோபல் பரிசே கிடைச்சுது. சின்ன வயசுல வேட்டைக்குப் போன எடத்துல குண்டு பட்டு ஒரு கையை இழந்த மனுஷன், மிச்சமிருந்த ஒரு கையை வெச்சுக்கிட்டு செஞ்ச வேலை.

ஆன்டிபயாடிக் டெஸ்ட்தான் இன்னும் ஜோர். மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டுப் பாலை ஊத்திட்டாங்களானு பார்க்க, சூடு தாங்கற ஒரு பாக்டீரியாவோட வித்தை, ஜியோபாசில்லஸ் ஸ்டியரோதெர்மோபிலஸ்னு நீளமா ஒரு பேர் அதுக்கு, ஊதா நெற ஜெல்லிக்குள்ள வெச்சிருப்பாங்க. பாலை ஒரு சொட்டு விட்டு 64 டிகிரில மூணு மணி நேரம் வெச்சா, பால் நல்லதுனா பாக்டீரியா வளர்ந்து அமிலம் விட்டு ஜெல்லி மஞ்சளாகும், மருந்து இருந்தா அது செத்து ஊதாவாவே நிக்கும். அது என்ன மருந்துனு சொல்லாது, ஆனா அந்த சின்ன உசுருக்கு ஆகாத ஏதோ இருக்குனு சொல்லிடும்.

நேரமும் முக்கியம். 2023 ஜனவரில ஆரியங்காவு செக்போஸ்ட்ல ஒரு டேங்கர் பாலைப் புடிச்சு பால்வளத்துறை, பால் கெடாம இருக்கக் கலக்கற ஹைட்ரஜன் பெராக்சைடு இருக்குன்னுச்சு, அப்பறம் உணவு பாதுகாப்புத்துறை லேப்ல பார்த்தா இல்லன்னு வந்துச்சு, ரெண்டு துறைக்கும் பெரிய வாக்குவாதம். யார் சரினு நான் தீர்ப்பு சொல்ல வரல, ஆனா பெராக்சைடு பால்ல ஒடைஞ்சு தண்ணியும் ஆக்சிஜனுமா போயிடற சாமான், பால்லயே அதை ஒடைக்கற என்சைம் இருக்கு. அதனால சாம்பிள் எடுத்த மணியை ரசீதுல எழுதச் சொல்லுங்க, உங்க பக்கம் நியாயம் இருந்தா அதுதான் காப்பாத்தும்.

கேள்வி: பலாப்பழம் சாப்பிட்டா ஊதற மிஷின்ல மாட்டுவோமாமே, நெசமா? – லாரி டிரைவர், வாளையார்

பதில்: நெசம்தான். 2025ல பந்தளம் கே.எஸ்.ஆர்.டி.சி. டிப்போவுல டிரைவருங்க டூட்டிக்கு முன்னால ஊதி மாட்டினாங்க, விசாரிச்சா நல்லா பழுத்துப் புளிச்ச பலாச்சுளை. மிஷின்ல தப்பில்ல, உள்ள பிளாட்டினம் தகடு மேல எத்தனால் பட்டா அது மாறி கரண்ட் உண்டாகும், அந்த எத்தனால் பிராந்திக் கடைல இருந்து வந்துச்சா சுளைல இருந்து வந்துச்சானு பிளாட்டினத்துக்கு என்ன கவலை. வாய்ல ஒட்டியிருக்கறது கால் மணி நேரத்துல போயிடும், அதனால வாயைக் கொப்புளிச்சுட்டு 15 நிமிஷம் கழிச்சு மறுபடி ஊதறேன்னு சொல்லுங்க. ரத்தத்துல 100 மில்லிக்கு 30 மில்லிகிராம்ங்கறதுதான் சட்டத்து எல்லை. சித்தூர் கள்ளு ரெண்டு குப்பி அடிச்சுட்டு 'பலாப்பழம் சார்'னு சொன்னா கால் மணி கழிச்சும் நம்பர் எறங்காது அண்ணா, அதுக்கு அக்காகிட்ட வழி இல்ல.

கேள்வி: மாங்காய்ல மருந்து மிச்சம் இருக்கானு தோப்புலயே பார்க்கற கார்டு கிடைக்குது, வியாபாரிங்க கேக்கறாங்க. வாங்கலாமா? – மாந்தோப்பு குத்தகைக்காரர், முதலமடை

பதில்: வாங்குங்க, ஆனா அது எதைப் பார்க்குதுன்னு தெரிஞ்சுக்கிட்டு வாங்குங்க. அந்தக் கார்டுல ஒரு வில்லைல கோலினெஸ்டரேஸ்ங்கற என்சைம் இருக்கும். பூச்சிக்கும் நமக்கும் நரம்புல ஒரு சேதி போய் முடிஞ்சதும் அதைத் தொடச்சு விடற வேலை அதோடது. ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் வகை மருந்து இந்த என்சைமைக் கட்டிப் போட்டுடும், சேதி நிக்காம ஓடி பூச்சி துடிச்சு சாகும். மருந்து குடிச்சவங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனா ரத்தத்துல பார்க்கறதும் இதையேதான். கார்டுல மருந்து இல்லேன்னா என்சைம் வேலை செஞ்சு வில்லை நீலமாகும், மருந்து இருந்தா வெள்ளையாவே நிக்கும்.

விஷம் உடம்புல எந்த எடத்தைத் தாக்குதோ அந்த எடத்தையே பிய்ச்சு அட்டைல ஒட்டி வெச்சிருக்கற யோசனை இது, எனக்கு எப்பவும் ஆச்சரியம்தான். ஆனா இதுலயே அதோட குருட்டுத்தனமும் இருக்கு. மாம்பூவுல தத்துப்பூச்சிக்கு அடிக்கறீங்களே இமிடாகுளோபிரிட், அது இந்த என்சைமைத் தொடறதே இல்ல, சேதி வாங்கற வாசலைத்தான் அடைக்குது, கார்டு சந்தோஷமா நீலமாகும். சைஹலோத்ரின் வகைக்கும் அதேதான். குளோர்பைரிஃபாஸ் மாதிரி சிலது உடம்புக்குள்ள போய் மாறினப்பறம்தான் என்சைமை இறுக்கிப் புடிக்கும், அதனால கார்டு அதைக் கொறைச்சுத்தான் காட்டும்.

காசரகோட்டை நெனைச்சுக்கறேன். முந்திரித் தோட்டத்து மேல ஹெலிகாப்டர்ல எண்டோசல்ஃபான்ங்கற பூச்சி மருந்தை 2000ம் வருஷம் வரைக்கும் தூவினாங்க, 2011லதான் உச்ச நீதிமன்றம் நாடு பூரா நிறுத்திச்சு. எண்டோசல்ஃபான் குளோரின் வகை, அது நரம்புல வேற பூட்டை ஒடைக்கறது. அன்னைக்கு அந்த ஊர் ஓடைத் தண்ணியை இந்தக் கார்டுல விட்டிருந்தா நீலமாகியிருக்கும், 'தண்ணில மருந்து இல்ல'னு யாராவது ரிப்போர்ட்டும் எழுதியிருப்பாங்க.

இன்னொண்ணு, வெள்ளையா நின்னா மருந்துதான்னு இல்ல, கார்டு வெயில்ல கெடந்து என்சைம் செத்திருந்தாலும் வெள்ளைதான். அதனால ஒவ்வொரு தடவையும் சுத்தத் தண்ணில ஒரு கார்டு நனைச்சு அது நீலமாகுதானு பார்த்துட்டு மாங்காய்க்கு வாங்க. ஏற்றுமதி வியாபாரி கேட்டா கார்டு போதாது, லேப் ரிப்போர்ட்தான்.

கேள்வி: அக்கா, எம்.எஸ்சி. புராஜெக்ட்டுக்கு ஈயம், கேட்மியம் கண்டுபுடிக்கற பிஸ்மத் எலக்ட்ரோடு சென்சார் செய்யறேன். டிஸ்டில்டு வாட்டர்ல ஈயம் கலந்து, ஈயம் எவ்வளவு கரண்ட் எவ்வளவுனு கிராஃப் போட்டா கோடு நூல் புடிச்ச மாதிரி வருது. எங்க ஊர் பிளாச்சிமடைப் பக்கம், அந்தக் கெணத்துத் தண்ணில ஈயம் கலந்து விட்டா பாதிகூட வரல. கைடு சார் 'கெணத்துத் தண்ணியை விடு, பேப்பருக்கு டிஸ்டில்டு போதும்'ங்கறார். – மாணவி, சித்தூர்

பதில்: கண்ணு, ஆந்திரா சித்தூர்னு நெனைச்சு ஒரு நிமிஷம் குழம்பிட்டேன், பிளாச்சிமடைங்கவும்தான் நம்ம சித்தூர்னு புரிஞ்சுது. உன் கைடுகிட்ட சண்டை போடாத, ஆனா கெணத்தை விட்டுடாத. டிஸ்டில்டு வாட்டரை யாரும் குடிக்கறதில்ல.

படிக்கற மத்தவங்களுக்காக ஒரு வார்த்தை, இவ செய்யற முறைல எலக்ட்ரோடுல மைனஸ் வோல்ட் குடுத்து ரெண்டு நிமிஷம் வெச்சா தண்ணில இருக்கற ஈயம் அதுமேல வந்து படியும், வயல்ல களை பொறுக்கி ஒரு மூட்டையா சேர்க்கற மாதிரி. அப்பறம் வோல்ட்டை மெதுவா ஏத்தினா கேட்மியம் ஒரு எடத்துல கழண்டு விழும், ஈயம் கொஞ்சம் தள்ளி இன்னொரு எடத்துல விழும், விழறப்போ வர்ற கரண்ட் உச்சியை அளக்கறது. முன்னல்லாம் இதுக்குப் பாதரசம், 1922ல ஹெய்ரோவ்ஸ்கி பாதரசச் சொட்டை வெச்சு ஆரம்பிச்ச வழி, 1959ல அவருக்கு நோபல். தண்ணில விஷம் இருக்கானு பார்க்க நாமளே விஷத்தை வெச்சுக்கறதானு யோசிச்சு 2000ல ஜோசப் வாங் கூட்டத்தார் விஷம் ரொம்பக் கம்மியான பிஸ்மத்ங்கற உலோகத்தைக் கொண்டு வந்தாங்க.

கெணத்துத் தண்ணில உனக்கு என்ன ஆகுதுன்னா, இலை தழை மக்கின கரிமப் பொருள், துணி தொவைச்ச சோப்பு எல்லாம் எலக்ட்ரோடு மேல எண்ணெய்ப் பாத்திரம் மாதிரி படிஞ்சிருக்கும். ஈயத்துல பாதி அந்தக் கரிமப் பொருளோட ஒட்டிக்கிட்டு வெளிய வராது. செம்பு இருந்தா அது வேற எடத்துக்குப் போட்டி போடும். அதனால சாம்பிளை அமிலம் போட்டுச் சூடாக்கி கரிமத்தை ஒடைச்சுக்க, அசிடேட் பஃபர்ல பிஹெச் 4.5ல நிறுத்து, டிஸ்டில்டு வாட்டர்ல போட்ட கோட்டைக் கெணத்துக்குப் பொருத்தாத.

அதுக்கு பதிலா ஒவ்வொரு சாம்பிளுக்குள்ளயும் தெரிஞ்ச அளவு ஈயத்தை நீயே மூணு தடவை சேர்த்துப் பாரு. குழம்புல உப்பு எவ்வளவுனு நாக்குல சொல்ல முடியலேன்னா ஒரு ஸ்பூன் போட்டு ருசி எவ்வளவு ஏறுதுனு பார்க்கறோமில்ல, அந்த ஏத்தத்தை வெச்சு முன்னால எவ்வளவு இருந்துச்சுனு பின்னோக்கிக் கணக்குப் போடலாம். நாக்கு மந்தமா இருந்தாலும் பரவால்ல, ரெண்டு தடவையும் ஒரே மந்தம்தானே. நான் லேப்ல சேர்ந்த புதுசுல இது தெரியாம மூணு மாசம் கோடு போட்டுத் தள்ளிட்டு அத்தனையையும் கிழிச்சேன், யாரும் சொல்லிக் குடுக்கல.

ஈயத்துக்கு எல்லை லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், கேட்மியத்துக்கு 0.003. உன் சென்சார் கண்டுபுடிக்கற கடைசி அளவு இதைவிட நல்லா கீழ இருந்தாத்தான் அது கெணத்துக்கு ஆகும். வெறும் சாம்பிளைப் பத்து தடவை அளந்து அதுல வர்ற ஆட்டம் எவ்வளவுனு எழுது, பேப்பர்ல அழகுக்கு ஒரு தடவை வந்த உச்சியை மட்டும் போடாத. ஒரே எலக்ட்ரோடு பத்தாவது நாள் எப்படி இருக்குனும் பாரு, கெணத்துக்குள்ள தொங்கவிட்டா பாசி புடிச்சு ஒரு வாரத்துல ஊமையாயிடும். சென்சார் வேலைல பாதிக்காலம் இந்தப் பாசியோட மல்லுக்கட்டறதுதான்.

பிளாச்சிமடைல ஒண்ணு நெனைச்சுப் பாரு, 2003ல அங்க இருந்த கோக்கோ கோலா கம்பெனியோட கழிவுச் சேறுல கேட்மியமும் ஈயமும்னு லேப் சொல்றதுக்கு முன்னாலயே 'தண்ணி ருசி மாறிப்போச்சு'னு அந்த ஊர் மயிலம்மாவும் மத்த பொம்பளைங்களும் பந்தல் போட்டு உக்காந்துட்டாங்க. உன் கருவி அந்த நாக்குக்கு பதிலா வரப்போறதில்ல. அவங்க சந்தேகப்பட்டா அது இந்தக் கெணத்துல எத்தனை, அந்தக் கெணத்துல எத்தனைனு எழுத்துல குடுக்கணும். அதனால முதல் சாம்பிளை யார் வீட்டுக் கெணத்துல எடுக்கறதுனு அவங்ககிட்டயே கேளு.

கேள்வி: ஆன்ட்டி, வீட்டுலயே சென்சார் செய்யலாமா? சயின்ஸ் எக்சிபிஷனுக்கு. – ஏழாம் வகுப்பு, கோவிந்தாபுரம்

பதில்: செய்யலாம் தம்பி. உங்க அம்மா ஆரத்திக்கு மஞ்சத்தண்ணில சுண்ணாம்பு போட்டதும் செவப்பாகுதே, அதான் சென்சார். மஞ்சள்ல இருக்கற குர்க்குமின் காரம் பட்டா நெறம் மாறும். மஞ்சத்தூளைக் கொஞ்சமா தண்ணில கொழைச்சு வெள்ளைப் பேப்பர்ல பூசி நெழல்ல காயவெச்சு சின்னச் சின்னதா வெட்டிக்க. சோப்புத் தண்ணி, சோடா உப்பு, சுண்ணாம்பு, எலுமிச்சை, மோர், உப்புத் தண்ணி, சர்க்கரைத் தண்ணி, உங்க போர் தண்ணினு ஒவ்வொண்ணுலயும் ஒரு துண்டு நனை. சுண்ணாம்பைக் கண்ணுல படாம பார்த்துக்க. எதுக்கெல்லாம் நெறம் மாறுச்சுனு எல்லாரும் எழுதுவாங்க, நீ எதுக்கெல்லாம் மாறலனும் தனியா ஒரு பக்கத்துல எழுதி எனக்கு அனுப்பு, அடுத்த மாசம் இங்க போடறேன்.